மச்சச் சட்டிக்கு ஒரு கதவு

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கந்தன் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். கை சுட்டால் அது கற்பூரத்தின் குற்றம்.

இணுவில் ஏரம்பர் மச்சம் விட்டவர். மீனும் இறைச்சியும் இனி இல்லை என்று கோயில் வீதியில் நாலு பேர் கேட்கச் சொல்லி, வீட்டுக்கு வந்து, மீன் காய்ச்சும் மச்சச் சட்டியை முற்றத்தில் போட்டு உடைத்தவர். அன்றிலிருந்து அன்னதானப் பந்தியில் முதல் இலை அவருக்கு. மச்சம் தின்றுவிட்டு வீதிக்கு வருகிறவர்களை மூக்கைச் சுளித்தே திருப்பி அனுப்புவார்.

ஆனால் மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து வரும் கட்டாக் கருவாட்டை அவரால் விட முடியவில்லை. உடைந்த சட்டியின் தங்கச்சி ஒன்று, குசினி அலுமாரியின் அடித்தட்டில் அரிசி வாளிக்குப் பின்னால் குப்புறக் கிடந்தது. மனைவி இரத்தினம்மா கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில்தான் அது நிமிரும். ஒருமுறை கருவாடு பொரிந்த மணத்தில் பஸ் கண்டக்டர் இடம் தடுமாறி, இணுவில் சந்தியில் நின்று "மயிலிட்டி, மயிலிட்டி! இறங்குங்கோ" என்று கத்தினார். சனம் இறங்கியும் விட்டது. கடலைத் தேடித் தோட்டங்களுக்குள் போன ஒருவர் இன்னும் திரும்பவில்லை.

அந்த அலுமாரியைக் கறையான் அரித்துவிட்டது. புதியதற்குக் கதவு தெரிவு செய்ய, தச்சு வேலை செய்யும் ஜெயசுதன் மாதிரிகளைக் கொண்டுவந்து குசினி நிலத்தில் பரப்பினான். ஒன்று வெறும் பலகை. ஒன்று சட்டம் அடித்தது. மற்றது கண்ணாடி.

"இப்ப எல்லாரும் கண்ணாடிதான் போடுகினம், அம்மா. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு திறக்காமலே தெரியும்."

ஏரம்பர் கண்ணாடி மாதிரியைக் காலால் ஒதுக்கினார். "கண்ணாடி சரிவராது. இடி விழும்."

"குசினிக்குள்ளையோ, ஐயா?"

"என்ரை சித்தப்பா வீட்டிலை விழுந்தது. மாரியிலை கண்ணாடி அலுமாரிக்குள்ளை போன இடி, வெளியிலை வர வழி தெரியாமல் சித்திரை மட்டும் உள்ளுக்கை உறுமிக்கொண்டு கிடந்தது."

"உங்கடை இடியை விடுங்கோ," என்றாள் இரத்தினம்மா. "எனக்குக் கண்ணாடிதான் பிடிச்சிருக்கு. ஒளிச்சு வைக்க எங்களிட்டை என்ன கிடக்கு?"

பதற்றத்தில் ஏரம்பரின் நாக்கு முந்திக்கொண்டது. "விசர்க் கதை கதையாதை! வாற போற சனமெல்லாம் எது சைவச் சட்டி, எது மச்சச் சட்டி எண்டு பாக்கிறதோ?"

ஜெயசுதன் அளவுநாடாவை நீட்டியபடியே நின்றான். அவனும் அதே கோயில் வீதிக்காரன். பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். முதல் இலை போனால் போகட்டும். இத்தனை காலம் சுளித்த மூக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"எந்த மச்சச் சட்டி, ஐயா?"

"அது பூனைக்குக் காய்ச்சிற சட்டி, தம்பி," என்றாள் இரத்தினம்மா. முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"பூனையைக் காணேல்லையே, அம்மா?"

"வெள்ளிக்கிழமையிலைதான் வரும். நான் கோயிலாலை வர முதல் திண்டுபோட்டு, சட்டியையும் கழுவிக் கவிட்டு வைச்சிடும். நல்ல பூனை. எண்ணெய்ப் பிசுக்குத்தான் அதுக்கு வடிவாய்க் கழுவத் தெரியாது. பிறகு நான் ஒருக்காத் தேய்ப்பன்."

ஏரம்பர் நிலத்தைப் பார்த்தார். அந்தச் சட்டி தான் கழுவியதைவிடச் சுத்தமாக இருந்ததை அவர் எத்தனையோ தரம் கண்டிருக்கிறார். தன் கைத்திறன் என்றே நினைத்திருந்தார். அவளிடமிருந்துதான் ஒளிக்கிறோம் என்று இவ்வளவு காலமும் எண்ணியிருக்க, அவளோ அவரோடு சேர்ந்து ஊரிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வீட்டின் கதவுக்கு எந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை அவர் அதுவரை யோசித்ததே இல்லை.

"மேலுக்குக் கண்ணாடி போடுங்கோ, தம்பி," என்றாள் அவள். "அடித்தட்டுக்கு மட்டும் பலகைக் கதவு. பூனை கூச்சப்படும்."

ஜெயசுதன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு அளவெடுத்தான். வெளியில் யார் கேட்டாலும் அவன் பூனையைப் பற்றித்தான் சொன்னான். ஏரம்பர் அன்று தன் கையால் தேத்தண்ணி ஊற்றி மனைவிக்கு நீட்டினார். அதற்குப் பிறகு எவரையும் பார்த்து அவர் மூக்கைச் சுளிக்கவில்லை.

சத்தியத்துக்குக் கற்பூரம் கொளுத்த முதல் ஒன்றே ஒன்று: ஏரம்பர் கலியாணமே கட்டாதவர்.