குளியலறைப் பின்சுவரில் பதினேழு பெரணி

அந்தப் பெரணியைத் தேடி அவள் ஏறாத பாறை இல்லை, வழுக்கி விழாத ஓடை இல்லை. அரிய செடிகளின் பதிவகத்தில் அவள் களப்பணியாளர். எந்தச் செடி எங்கே இருக்கிறது, இன்னும் எத்தனை மிச்சம் என்று நேரில் பார்த்து எழுதவேண்டும். நகத்தளவு இலையும் அதன் அடியில் வெள்ளிக் கோடும் கொண்ட அந்தப் பெரணிக்கு நேராக மட்டும் நான்கு வருஷமாகக் ‘காணவில்லை’ என்றே எழுதிவந்தாள்.

கடைசியில் அது இருந்தது நாத்தனார் வீட்டில்.

நாத்தனாருக்குக் கணுக்கால் சுளுக்கு. போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று கணவர் பிடுங்கி எடுத்ததால்தான் போனாள். அவளுக்கும் நாத்தனாருக்கும் ஒன்பது வருஷமாக ஏழாம் பொருத்தம். கை கழுவப் பின்பக்கம் போனால், அங்கே குழாய்க்காரர் ஸ்பானரோடு குந்தியிருந்தார். விரிசல் விட்ட குழாயிலிருந்து குளியலறைச் சுவரில் தண்ணீர் வழிந்தது. அதன் கீழே பாசி மெத்தை. மெத்தைமேல் பெரணி.

“கையை எடுங்க!” என்று அவள் போட்ட கூச்சலில் குழாய்க்காரர் ஸ்பானரைத் தம் காலிலேயே போட்டுக்கொண்டார்.

நாத்தனார் நொண்டிக்கொண்டே வந்தாள். “என்ன அண்ணி, பாம்பா?”

“பெரணிம்மா! இந்த ஒழுகுற தண்ணியிலதான் உயிரோட இருக்கு. இதை அடைக்கக் கூடாது.”

“என் வீடு ஒழுகுறதுல உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா?”

அவள் சேற்றில் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினேழு. அண்ணி தன் முன்னால் மண்டியிட்டதை நாத்தனார் ரசித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “கண்டுபிடிச்சது யாருன்னு எழுதுவீங்க?”

“அது… நான்தானே பார்த்தேன்?”

“சுவர் என்னோடது. ரெண்டு வருஷமா இதைச் சரிபண்ணாம விட்டதும் நான்தான். நீங்க இன்னிக்கு வந்தீங்க.”

நான்கு வருஷ அட்டைக்கடியும் கண்முன் வந்து போனது. வயிற்றெரிச்சலோடு நாத்தனாரின் பெயரை எழுதினாள்.

“வீட்டுக்கு வேற குழாய் இழுத்துடறேன். செடிக்குச் சொட்டுச் சொட்டா விழட்டும்,” என்றார் குழாய்க்காரர்.

“அப்படிப் போட வருமா?”

“நான் போட்டதெல்லாம் அப்படித்தாங்க விழுது.”

மறுவாரம் பதிவகத் தலைவரே வந்து நாத்தனாரின் கையைக் குலுக்கினார். இவள் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து நாத்தனாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் யாரையும் அண்டவிடுவதில்லை. துணிகூட மாடியில்தான் காய்ந்தது.

மூன்றாம் மாதம் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

“அண்ணி, பத்தொன்பது ஆயிடுச்சு!”

“நான் வந்து எண்ணினாத்தான் கணக்கு.”

“அப்ப வாங்களேன். சாப்பிட்டுப் போற மாதிரி வாங்க.”

ஒன்பது வருஷத்தில் நாத்தனார் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனாள், வயிறாரச் சாப்பிட்டாள், எண்ணினாள். பதினெட்டு. பத்தொன்பதாவது வெறும் பாசி என்றாள் இவள். பெரணியேதான் என்றாள் அவள். சாயங்காலம்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பூதக்கண்ணாடியை உடனே எடுத்துவரச் சொல்லி, அந்த அப்பாவி மனிதருக்கு மனைவியும் தங்கையும் மாறி மாறிப் போன் செய்தார்கள்.