ஒன்பதாம் நம்பர் தகடு

ஆரியசாலையில் குற்றாலலிங்கத்தின் இரும்புக் கடைக்கு ஜானவி போனது ஒரே ஒரு போட்டோவுக்காக. பழைய ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளின் பூர்வோத்தரத்தைத் தோண்டுவதுதான் அவள் பிழைப்பு. எந்தப் பந்தயம், யார் ஓட்டினார், எங்கே இடித்தது என்று சேசிஸ் நம்பரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருஷம் பின்னால் போய்விடுவாள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு. இல்லையென்று யார் சொன்னது?

அன்று சனிக்கிழமை. பதினோரு மணிக்கு சங்குமுகம் கடற்கரைச் சாலையை அடைத்துப் பழைய வண்டிகளை ஓட்டிக் காட்டப்போகிறார்கள். ஒன்பதாம் நம்பர் வண்டியை ஓட்டப்போகிறவன் அவள் தம்பி வினய். கொழும்பில் ஒரு கொட்டகையில் கிடந்ததை வாங்கிவந்து பார்த்துப் பார்த்துப் பூட்டியவன். அது எழுபத்துநாலில் சோழவரம் பந்தயத்துக்கு வந்து, மூன்றாவதாக முடித்து, கீறல் விழாமல் கப்பலேறிய வண்டி என்று எழுதிக் கொடுத்தவள் ஜானவி. உள்ளே விரிசல் இருக்கிறதா என்று முன்சட்டத்தை எக்ஸ்ரே எடுத்துவிடலாமா என்று அவன் கேட்டபோது, "அடியே படாத வண்டிக்கு எதுக்குடா எக்ஸ்ரே?" என்று சிரித்தவளும் அவளே. நுணலும் தன் வாயால் கெடும்.

சோழவரத்தில் அந்த வருஷம் மெக்கானிக்காக இருந்தவர் குற்றாலலிங்கம். போட்டோவை எடுத்துக் கொடுத்தவர், அவளுடைய ஃபைலைச் சும்மா புரட்டினார். ஒன்பதாம் நம்பர் வண்டியின் சேசிஸ் நம்பர் தகட்டின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அவள் எடுத்திருந்த பதிவு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இது நான் அடிச்ச ஆணியாக்கும்."

"எது அண்ணாச்சி?"

"இந்தா, நாலாவது ஆணி கோணலா இருக்குல்லா? கம்பெனில அடிச்சிருந்தா நேரா இருக்கும். கொழும்பு வண்டி திரும்பிப் போயே ஆகணும்னு கஸ்டம்ஸ் பேப்பரு. எங்க மொதலாளிக்கு அது மேல ஆசை. நம்ம பதினொண்ணாம் நம்பரு அன்னைக்கு மோதி மூக்கு தனியா போச்சு. ஓட்டினவருக்கு ரெண்டு காலும் போச்சு. தகட்டக் கழட்டி மாத்தி அடிச்சு, ஒடஞ்சத அனுப்பிட்டோம்."

ஜானவி ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒடஞ்சதையேவா?"

"முன்சட்டக் குழாய்ல கம்பியச் சொருகி ஒரு ஒட்டு. கப்பல்ல ஏத்துற வரைக்கும் நின்னாப் போதும்னு சொன்னாவ. அத ஒருத்தன் ஓட்டுவான்னு யாரு கண்டா?"

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவுக்கு ஓடினாள். மணி பத்தே முக்கால். வினய்யின் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ஓட்டுகிறவர்களிடமிருந்து போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே இருக்கும் மற்ற யார் நம்பரும் அவளிடம் இல்லை. அவள் பிடித்த ஆட்டோ, சாலைக் கடைவீதியில் அரிசி லாரிக்குப் பின்னால் நின்றது, ஈஞ்சக்கல் சிக்னலில் நின்றது. நிற்கும்போதெல்லாம் ஓட்டினவரின் இரண்டு கால்களும் அவள் நினைவில் வந்து நின்றன. மடியில் விரித்திருந்த பென்சில் பதிவை நூறு தடவையாவது பார்த்திருப்பாள். நாலாவது ஆணி கோணல்தான். குழந்தைகூடச் சொல்லும். கரமனைப் பிள்ளையாருக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டினோம் என்று அவளுக்கே தெரியாது.

கடற்கரையில் இறங்கும்போதே என்ஜின் சத்தம் காதை அடைத்தது. வண்டிகளைச் சரிபார்த்து அனுப்பும் சஜின், கழுத்தில் அட்டையும் கையில் ஃபைலுமாக வாசலில் நின்றான். தடுப்புக்கு அப்பால், கோட்டில் நின்றது சிவப்பு ஒன்பது. ஹெல்மெட்டுக்குள் வினய்.

"நிறுத்து! அந்த வண்டி ஒடஞ்ச வண்டி!"

சஜின் ஃபைலைத் திறந்து காட்டினான். "ஆக்சிடென்ட் ஒண்ணும் ஆகலைன்னு சேச்சியல்லே எழுதித் தந்தது? இதா, சேச்சியோட ஒப்பு."

அவள் கையெழுத்துதான். அழகாக, அடியில் ஒரு கோடு இழுத்து. பார்க்கவே பயமாக இருந்தது.

"நான் எழுதினது தப்பு."

"சேச்சிக்குத் தெற்றுமோ? சேச்சி எழுதினா தப்பு வருமோ?" அவன் சிரித்தான். அவள் சொல்லைவிட அவள் கடிதத்தில்தான் அவனுக்கு நம்பிக்கை. கோட்டருகே கொடிக்காரர் கொடியை உயர்த்திவிட்டார். அது இறங்கினால் வண்டி புறப்பட்டுவிடும்.

ஜானவி கடிதத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள். "சரித்திரக் கடிதம் இல்லாத வண்டி ஓடக்கூடாதுன்னு உங்க ரூல் தானே? இப்போ கடிதம் இல்லை. நிறுத்துடா!"

அவன் வாக்கிடாக்கியில் கத்தினான். கொடி இறங்கவில்லை. என்ஜின் அடங்கியது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

வினய் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். "பைத்தியமாக்கா உனக்கு? எல்லாரும் பார்க்கறா!" அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வண்டியைப் பின்னால் தள்ளிவந்ததும் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். "பார்த்துக்கோ, இதா ஒடஞ்ச சட்டம்?"

டிக் என்று ஒரு சின்னச் சத்தம். மறுபடி உலுக்கினான், மெதுவாக. குழாயில் சிவப்பு பெயிண்ட் வட்டமாக வெடித்து, நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. வினய்யின் முகம் வெளுத்துப்போயிற்று. அப்படியே தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"நீதானேக்கா கையால தேய்ச்சு எடுத்தே. ஆணியைப் பார்க்கலையா?"

"நம்பரைத்தாண்டா பார்த்தேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இதுவரை இருபத்தாறு வண்டிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இருபத்தாறிலும் நம்பரைத்தான் பார்த்தாள். போனை எடுத்து, அந்த வண்டிக்காரர்களின் பட்டியலில் முதல் பெயரை அழுத்தினாள். கோயம்புத்தூர்க்காரர், சனிக்கிழமை தவறாமல் வண்டியை எடுப்பவர்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.