கூரை அட்டை

காரின் கூரை அட்டை மொத்தமாகத் தலையில் இறங்கி உட்கார்ந்தபோதுதான், இது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை என்று லூர்துராஜுக்குப் புரிந்தது. காலையிலிருந்து காருக்குள் குனிந்தும் நிமிர்ந்தும் கைப்பிடிகளைக் கழற்றி, வெயில் மறைப்புகளைக் கழற்றி, நடு விளக்கின் ஒயரைப் பிரித்து எடுத்திருந்தார். கடைசிக் கிளிப்பையும் நெம்பியதும் கதவுப் பலகை அளவுக்கு இருந்த அந்த அட்டை தொப்பென்று விழுந்தது. இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு பின் இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கையை எடுத்தால் அட்டை நடுவில் ஒடிந்துவிடும்.

இரண்டு மாதமாகவே கூரைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் பின்பக்கம் ஒரு தொப்பை போட்டது. பிறகு முன்னால் வந்து கண்ணாடியை மறைத்தது. போன வாரம் மனைவி சிசிலியாவை ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கொண்டுவிடும்போது பின்னால் வந்த பஸ் அவர் கண்ணில் படவே இல்லை. கார் சீட் தைக்கிற கடைக்காரன் இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னான். அவருக்கு அது முடியாது. கரோல்பாக் கடைத்தெருவில் ஸ்பாஞ்சு வைத்த சாம்பல் நிறத் துணியும் ஒரு டப்பா பசையும் வாங்கி வந்து, யூடியூபில் நாலு தடவை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஆரம்பித்திருந்தார்.

"என்னண்ணே, உள்ளயே மாட்டிக்கிட்டீங்களா?"

மேகலா காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் வீட்டுக்கு நேர் மேலே, இரண்டாவது மாடியில் இருப்பவள். யார் வந்தாலும் பரவாயில்லை, இவள் மட்டும் வரக்கூடாது என்றுதான் அவர் மனம் முதலில் சொன்னது.

"இல்லம்மா, நீ போ. பக்கத்து வீட்டு இந்திக்கார பையா யாரையாச்சும் கூப்பிட்டுக்கறேன்."

"அச்சா, அதுவரைக்கும் தலையில சுமந்துக்கிட்டே இருப்பீங்களா?" சிரித்தபடி பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் பின்கதவைத் தூக்கினாள். அவர் உள்ளிருந்து தள்ள, அவள் வெளியிலிருந்து வாங்க, அட்டை அலுங்காமல் வந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் படுத்தது. பழைய துணி ஒரே இழுப்பில் உரிந்தது. அடியில் இருந்த ஸ்பாஞ்சு மக்கி மஞ்சள் மாவாகியிருந்தது, தொட்டாலே பறந்தது. அவள் இருமியதும் லூர்துராஜ் வீட்டுக்குள் போய், சிசிலியா வைத்திருந்த முகக்கவசங்களில் இரண்டை எடுத்து வந்தார். நீட்டும்போதே கை தயங்கியது. அவளும் ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக் காதில் மாட்டினாள்.

நான்கு வருடம் முன்பு, கொரோனா உச்சத்தில் இருந்த ஏப்ரல் மாதத்தில், இதே போன்ற கவசத்தோடுதான் அவள் அவர் கதவைத் தட்டினாள். பகல் மூன்று மணி. தெருவில் ஒரு ஆள் இல்லை. "அண்ணே, இவருக்கு மூச்சு வாங்குது. ஆம்புலன்ஸ்காரன் போனை எடுக்க மாட்டேங்கறான். வண்டி எடுங்கண்ணே, ஜல்தி." சிசிலியா பத்து நாளாக ஆஸ்பத்திரியிலேயே தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் ஆஸ்துமா உள்ள மகள் லிடியா இருந்தாள். லூர்துராஜ் கதவுத் துளை வழியாகப் பார்த்தாரே தவிர, கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, "வண்டி ஸ்டார்ட் ஆகலம்மா, பேட்டரி போயிருச்சு" என்றார். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. யோசிக்காமலே, பிசிறில்லாமல் வந்தது. அவள் ஓடிப் போய் ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்தாள். அவள் கணவர் ஜெயபால் மூன்றாம் நாள் இறந்துபோனார்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவர் மூன்று வாரம் வண்டியைத் தொடவில்லை. பால் வாங்கக்கூட நடந்தே போனார். நான்காவது வாரம் சாவியைத் திருப்பினால் பேட்டரி நிஜமாகவே செத்துப்போயிருந்தது. அன்று அவர் ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மூன்று தடவை பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, மூன்று வெவ்வேறு சர்ச்சுச் சாமியார்களிடம். ஒரு தடவை இங்கிலீஷில் சொன்னார், அதில் சொன்னால் பாவம் கொஞ்சம் இலேசாகத் தோன்றும் என்று. மூன்று பேரும் மன்னித்துவிட்டார்கள். ஆனால் படிக்கட்டில் தினமும் எதிர்ப்படுகிறவள் மேகலாதான். சிசிலியாவிடம் அவர் சொன்னதே இல்லை.

அட்டையைச் சுரண்டித் துடைத்து, அட்டையிலும் துணியிலும் பசை தடவி முடித்தார்கள். விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய வேண்டும், பத்து நிமிடம். அதற்குப் பிறகு துணியை வைத்தால் வைத்ததுதான், எடுத்து மாற்ற முடியாது. இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். மேகலா கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனப்பு. நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது."

"சொல்லு."

"அன்னிக்கு நீங்க பேட்டரி போச்சுன்னீங்கள்ல. நான் நம்பல. பயந்துக்கிட்டுப் பொய் சொல்றாருன்னு நெனச்சேன். அவரு போனப்புறம் உங்களை எப்படியெல்லாம் திட்டுனேன் தெரியுமா? மனசுக்குள்ளதான், ஆனா வாய்க்கு வந்தபடி. உங்க குடும்பமே வெளங்காதுன்னு சொன்னேன். லிடியாவையும் சேத்து." அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு மாசம் கழிச்சு மெக்கானிக் வந்து புது பேட்டரி மாட்டினான். மாடியிலேர்ந்து பாத்தேன். உடம்பெல்லாம் கூசிப்போச்சுண்ணே. நல்ல மனுஷனைப் போயி இப்படி நெனச்சோமேன்னு. அதுக்கப்புறந்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. யாரு மேலயும் தப்பில்ல, அவருக்கு ஆயுசு அவ்வளவுதான்னு. நீங்க என்னை மன்னிச்சிடணும்."

மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் எழுந்து துணியைப் பிடிப்பாள், வேலை முடிந்துவிடும். லூர்துராஜ் வாயைத் திறந்தார். அந்த வார்த்தையைச் சொல்லத்தான் திறந்தார்.

"பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு மேகலா."

அவள் திரும்பினாள்.

"நீ நெனச்சதுதான் சரி. உள்ள லிடியா இருந்தா. பயந்துட்டேன். வண்டி மூணு வாரம் சும்மா நின்னதுல பேட்டரி அப்புறமாத்தான் போச்சு."

மேகலா அவர் முகத்தையே பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தாங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

"இதை ஏன் இப்ப சொல்றீங்க?" என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை. "நான் நல்லாத்தானே இருந்தேன்."

அவள் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள். மேலே கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

பசை காய்ந்துகொண்டிருந்தது. லூர்துராஜ் துணியின் ஒரு நுனியை வாயில் கடித்துக்கொண்டு, மறுநுனியைக் கையில் பிடித்து, தனியாகவே ஒட்டினார். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவ வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நீவினார். குறுக்கே மூன்று சுருக்கம் விழுந்துவிட்டது. விளக்குக்கு ஓட்டை வெட்டும்போது கத்தி விரலைக் கீறியது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. அட்டையை மட்டும் ஒரு ஆளாக உள்ளே ஏற்ற முடியாது. நாற்காலிகளின் மேல் அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார். யாரையாவது கூப்பிடலாம் என்று தெரிந்தும் கூப்பிடவில்லை. வெயில் எதிர்ச் சுவரின் பாதிக்கு ஏறியது. புழுதிக் காற்று கிளம்பி அட்டையை லேசாகத் தூக்கிப் பார்த்தது. அவர் இரு கைகளாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேகலா வந்து அட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். கண்கள் வீங்கியிருந்தன. முகம் கழுவியிருந்தாள். இருவருமாகச் சாய்த்து, பின்கதவு வழியாக உள்ளே செலுத்தி, மேலே தூக்கினார்கள். அவள் தாங்கிக்கொள்ள அவர் ஒவ்வொரு கிளிப்பாக அழுத்தினார். கைப்பிடிகளை முடுக்கினார். கடைசித் திருகாணி இறுகும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

"ஆட்டோல அவரால படுக்க முடியல" என்றாள் அப்போது. "ஆறு ஆஸ்பத்திரி அலைஞ்சோம்ணே. என் மேலயே சாஞ்சிக்கிட்டு வந்தாரு. மூச்சு முட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. காலு வலிக்குது, கொஞ்சம் நீட்டிக்கணும், நீட்டிக்கணும்னுதான் சொல்லிக்கிட்டே வந்தாரு."

லூர்துராஜ் திருப்புளியைப் பிடித்தபடி காரிலிருந்து இறங்கினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின் இருக்கையில் ஏறினாள். தலையை எதிர்க் கதவோரம் வைத்து மல்லாந்து படுத்தாள். புதுத் துணியைப் பார்த்தபடி மெதுவாகக் கால்களை நீட்டினாள். இருக்கை அவளுக்கே போதவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் திறந்த கதவுக்கு வெளியே நீண்டு நின்றன. பாதங்களில் ஸ்பாஞ்சின் மஞ்சள் தூள் அப்பியிருந்தது. காற்றில் கதவு ஆடி வந்து அவற்றில் மோதாமல் இருக்க, லூர்துராஜ் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.