கறுப்புக்கரைக் கவர்

எங்கள் மகன் ஞானதாசன் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தான். அங்கே காட்டுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு வருஷத்துக்கு மேலாக அவனிடமிருந்து எழுத்து, கடிதாசி ஒன்றும் இல்லை. தபால்காரர் வரும் நேரமானால் நான் அடுப்பை விட்டு முற்றத்துக்கு வந்துவிடுவேன். என் கணவர் வரமாட்டார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கானடா தேசத்து ஸ்டாம்புகளை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மகனை நினைக்காமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வரும்.

அவர் பெயர் சத்தியநேசன். திருவிதாங்கூர் ராஜாவின் தனித் தபாலான அஞ்சலில் மாஸ்டராக இருந்தவர். அஞ்சலை இந்தியத் தபாலோடு சேர்த்த வருஷத்தில்தான் ஓய்வு பெற்றார். அதே சமயம் எங்கள் ஊரில் பழைய மிஷன் பங்களாவுக்குக் கூரை மாற்றினார்கள். பரணில் கிடந்த காகிதக் கட்டுகள் களியக்காவிளைச் சந்தையில் நல்லமிளகு பொதியப் போய்விட்டன. எல்லாம் கானடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸம்மாவுக்கு வந்த கவர்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தவள் அவள். நாங்கள் பிறப்பதற்கு முன்பே மரித்துப்போனாள்.

கடைக்காரனிடம் கெஞ்சி அவர் கட்டுகளை வாங்கி வந்தார். முதலில் விவரம் தெரியாமல் கவர்களை வெந்நீரில் போட்டு ஸ்டாம்புகளைப் பிரித்து, முறத்தில் கவிழ்த்துக் காயவைத்தார். முத்திரையோடு கவர் முழுசாக இருந்தால்தான் மதிப்பு என்று மதராஸ் ஸ்டாம்பு சங்கத்துக்காரர் ஒருவர் பிறகு எழுதினார். அன்று இவர் சோறு தின்னவில்லை.

கடைசிக் கட்டில் அந்தக் கவர் இருந்தது. சுற்றிலும் கறுப்புக்கரை, வெள்ளைக்காரர் சாவுச் செய்தி அனுப்பும் கவர். ஒலிவப் பச்சை ஸ்டாம்பில் அரசியின் தலை. ஓரப் பல் ஒன்றுகூடச் சிதையவில்லை. பின்பக்கம் அரக்கு உடையாமல் இருந்தது. யாரும் பிரிக்காத எழுத்து.

சாவுச் செய்தி சொல்லும் எழுத்தை வாசித்த கையோடு கிழித்து வெளியே போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது. நாங்கள் வேதக்காரரான பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

"வாசிச்சிட்டுக் கிழிச்சுப் போடுங்க" என்றேன். "யாருக்க சாவோ? பிள்ளைக்க எழுத்தைக் காணாம இருக்க நேரத்துல இதை எதுக்கு வீட்டுக்குள்ள வச்சிருக்கிய?"

"அடுத்தவங்க எழுத்தை ஒடைக்கவா? மீசை மொளைச்ச நாள் தொட்டு அஞ்சல்ல இருந்தவன் ஏட்டி நான்."

"மிஸ்ஸம்மா வந்து கேக்கவா போறா?"

"கேக்காட்டாலும் அது அவளுக்குள்ளது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மிஸ்ஸம்மாவின் கல்லில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு வந்தார். கவரின் பின்னால் குத்தியிருந்த முத்திரைத் தேதி அதற்குப் பிந்தியது. எழுத்து வந்து சேர்ந்தபோது வாங்க வேண்டியவள் மண்ணுக்குள் இருந்திருக்கிறாள்.

"அப்போ இது பட்டுவாடா ஆகாத எழுத்து" என்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரம் முதல் மணிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் தபால் சுமந்து ஓடும் அஞ்சலோட்டக்காரர் கையில் மணி கட்டிய கோல் இருக்கும். சத்தம் கேட்டால் வழி விட வேண்டும். அஞ்சலே இல்லாமல் போன பிறகு, நட்ட நடு வெயிலில், அந்தச் சத்தம் ரோடு வழியாக வந்து எங்கள் வேலிப் படலுக்கு முன்னால் நிற்கும். வெளியே வந்தால் ஆளிருக்காது. திரும்பிப் போகும் சத்தம் மட்டும் கேட்டதே இல்லை.

என் காதுதான் இரைகிறது என்று நினைத்தேன். இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் செசிலி ஒரு நாள் தலையிலிருந்த கடவத்தை இறக்கிவிட்டுக் கேட்டாள்: "பெரியம்மா, படல்ல நிக்க ஆளுக்கு ஒரு வாய் வெள்ளம் குடுக்கப்பிடாதா? வழி விடும்னு சொன்னேன், மிண்டவே இல்ல. உங்க வீட்டுக்கு மாப்பிள்ளை பாக்க வந்த ஆளா?"

"எந்த ஆளுட்டி?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, சாளை மீனை எண்ணாமல் முறத்தில் கொட்டிவிட்டுப் போனாள். பிறகு அவள் எங்கள் வழி வரவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சிவப்பு மை எடுத்தார். மதராஸ்காரர் எத்தனையோ தடவை கேட்டும் கொடுக்காத கவரின் மேல் குறுக்காக, 'வாங்குபவர் இறந்துவிட்டார், அனுப்பியவருக்குத் திருப்புக' என்று இங்கிலீஷில் எழுதினார்.

"அந்தப் பழைய ஸ்டாம்பு செல்லுமா?" என்று கேட்டேன்.

"திருப்பி அனுப்பதுக்குத் தனியா ஸ்டாம்பு வேண்டாம் ஏட்டி. சட்டம் அது."

அவரே நடந்து போய்ப் பெட்டியில் போட்டார். மணிச்சத்தம் நின்றது. அன்று நான் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

மழைக்காலம் கழிந்து மலாயாவிலிருந்து எழுத்து வந்தது. ஞானதாசனின் கையெழுத்து. அவர்தான் பிரித்து உரக்க வாசித்தார்.

"அன்புள்ள அம்மாவுக்கு, அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்த செய்தி கிடைத்தது. கறுப்புக்கரை போட்ட கவரில், யாரோ ஒரு பெண்ணின் சாய்ந்த இங்கிலீஷ் எழுத்தில் வந்தது. கீழே பெயர் இல்லை. கஞ்சி குடித்துவிட்டு ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார், வேதனை இல்லை என்று எழுதியிருந்தது. அதை எழுதிய அம்மா யாரானாலும் என் நன்றியைச் சொல்லவும். தோட்டம் மாற்றி மாற்றி அனுப்பியதால் நான் எழுத முடியவில்லை. ஊருக்கு வர லீவு கேட்டிருக்கிறேன். கவரில் ஒலிவப் பச்சையில் பழைய அரசி தலை ஸ்டாம்பு ஒன்று இருந்தது. அதைத் தண்ணீரில் போட்டுப் பிரித்து எடுத்து வைத்திருக்கிறேன். இனி அதை யாருக்குக் கொடுக்க?"

"நனைச்சிட்டானா பாவி!" என்றார் அவர்.

எழுத்தை மடித்துக் கவருக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: "பயலு உயிரோட இருக்கான் ஏட்டி."

"நீங்களும் இருக்கியன்னு இப்பமே எழுதுதேன்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எழுதாண்டாம். அவன் ஒருக்க அழுது முடிச்சாச்சு. இப்ப சாவல்லேன்னு எழுதினா, பொறவு செத்தாச்சுன்னு இன்னொருக்க எழுதணும். பிள்ளைய ரெண்டு வாட்டி அழ வைக்கவா?"

நான் எழுதவில்லை. ஆனால் அந்த நாற்காலியைத் தூக்கிக் கோழிக்கூட்டுக்கு மேலே போட்டேன். வீட்டில் கஞ்சி வைப்பதை நிறுத்தினேன். புட்டு, மரச்சீனிக் கிழங்கு, சோறு, எதுவானாலும் சரி, கஞ்சி மட்டும் கிடையாது. மகன் வந்து அப்பாவைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதுவரை போதும் என்று இருந்தேன். அவருக்கு அதெல்லாம் தெரியும். சாப்பிடும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார். ஆல்பத்தைத் தரையில் விரித்துக்கொண்டு பாயில் உட்காருவார்.

கப்பல் ஏறிவிட்டதாக ஞானதாசன் தந்தி கொடுத்த அன்றுதான் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மரச்சீனி தொண்டையில் இறங்கவில்லை. புட்டைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன், துப்பிவிட்டார். மூன்றாம் நாள் உதடு வெடித்துக் கிடந்தார்.

"கொஞ்சம் கஞ்சி தா ஏட்டி. பிள்ளை வாறதுக்குள்ள என்னைப் பட்டினியில கொன்னுடாத."

நொய்யரிசியில் கஞ்சி வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? இரண்டு வாய் குடித்துவிட்டு, "உப்பு கொறவு" என்றார். பாய் முதுகில் குத்துகிறது, சாய்ந்து உட்கார வேண்டும் என்றார். நான் போய் நாற்காலியை எடுத்து வந்து, கோழிப்பீயைத் துடைத்து, ஜன்னலோரம் போட்டேன்.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் ஞானதாசன் வந்தான். என்னைக் கட்டிக்கொண்டான், ஆனால் அழவில்லை. எப்போது, எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் சட்டைப் பையின் மேல் துக்கத்துக்குக் குத்தியிருந்த கறுப்புத் துணி, பல மாத வெயிலில் வெளுத்துப் பழுப்பாகியிருந்தது.