ஒற்றைக்கும் இவ்வாறே

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோடைக் கணித முகாமில் யாரும் விடை தர மாட்டார்கள். ஒருவர் நிரூபணம் எழுத வேண்டும், இன்னொரு மாணவர் அதைச் சரிபார்த்துக் கீழே கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே தாள் நடைச் சுவரில் ஏறும். பிழை பிறகு தெரிந்தால், கையெழுத்திட்டவரே போய் எல்லோர் முன்னும் தன் கையெழுத்தை அடித்துவிட வேண்டும்.

என் அறைத்தோழியைக் குண்டூசி என்று கூப்பிடுவார்கள். யார் என்ன சொன்னாலும் ஒரு கேள்வியால் குத்திப் பார்ப்பாள். நாள் தவறாமல் வீட்டுக்குக் கடிதம் எழுதியதால் நான் தபால்.

அவள் எடுத்துக்கொண்ட கணக்கு இது. சில விளக்குகள் இருக்கின்றன, எல்லாமே எரிகின்றன. சில விளக்குகளுக்கிடையே கம்பி இருக்கிறது. ஒன்றை அழுத்தினால் அதுவும், அதோடு கம்பியில் சேர்ந்தவையும் நிலை மாறும். எப்படிக் கம்பி இழுத்திருந்தாலும் எல்லாவற்றையும் அணைத்துவிட முடியுமா?

முடியும் என்று நான்கு பக்கம் எழுதினாள். ஒரு விளக்கு குறைவான கணக்கு முன்பே முடிந்தது என்று கொண்டால், ஒரு விளக்கை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் அணைக்கும் வழி இருக்கிறது. அப்போது ஒதுக்கியதும் தானே அணைந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால், ஒவ்வொரு விளக்கையும் முறைவைத்து ஒதுக்கி, எல்லா வழிகளையும் வரிசையாகச் செய். தன்னை ஒதுக்கிய முறை தவிர மற்ற எல்லா முறையும் ஒரு விளக்கு மாறும்; விளக்குகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால், ஒவ்வொன்றும் ஒற்றைப்படை தடவை மாறி அணைந்துபோகும். அழகான வாதம். கடைசி வரி: 'ஒற்றைக்கும் இவ்வாறே.' நான் கையெழுத்துப் போட்டேன்.

நிறைவு நாள் மேடைக்கு அந்தத் தாளைத் தேர்ந்தெடுத்தார்கள். வேன் ஓட்டுநரான அவள் அப்பா போனில் சொன்னது எனக்கும் கேட்டது. "நீ மேடையில நின்னு பேசு, அடுத்த கோடைக்கும் நானே கொண்டாந்து விடுறேன். இல்லேன்னா அத்தை கடையில உக்காரு."

நிறைவு நாள் காலையில் தம்பிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் புரியட்டும் என்று மூன்று விளக்கு வரைந்து, அவள் சொன்ன முறையை ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒவ்வொரு விளக்கும் இரண்டு தடவை மாறியது. மூன்றும் முன்போலவே எரிந்தன. மறுபடி செய்தேன். எரிந்தன.

குண்டூசி தலை வாரிக்கொண்டிருந்தாள். தாளைக் காட்டினேன்.

"இரட்டைப்படை மட்டும் சொல்லுடி. பாதி நிக்குது இல்ல?" என்றேன்.

சீப்பு அப்படியே நின்றது. "எங்க நிக்குது? நாலு விளக்குக்கு மூணு தெரிஞ்சிருக்கணும். ஒற்றை போச்சுன்னா எல்லாம் போச்சு." சீப்பை மேசையில் வைத்துவிட்டு, "போய் அடிச்சிட்டு வா தபால்," என்றாள்.

"உங்கப்பா வராருடி. சாயங்காலம் அடிச்சா என்ன?"

"தப்புன்னு தெரிஞ்சதுக்கப்புறம் அதை மேடையில நான் எப்படிடி சொல்றது?"

போய் அடித்தேன். ஒருங்கிணைப்பாளர் அக்கா தாளைக் கழற்றிவிட்டு, பேச்சை இன்னொரு பையனுக்கு மாற்றினார். குண்டூசி இரண்டு மணி நேரம் கரும்பலகையின் முன்னே நின்றாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். விஷயம் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"கையெழுத்தை அடிச்சது நீதானாம்மா?"

"ஆமா அங்கிள்."

"போட்டதும் நீதானே? போடும்போது படிச்சியா?"

"கடைசி வரிய படிக்கல. அவ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். தப்புல பாதி என்னுது அங்கிள். அவள அடுத்த வருஷம் அனுப்புங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சொன்னது சொன்னதுதாம்மா. நாலு பேர்கிட்ட லீவு சொல்லிட்டு வந்தேன், இவ பேசுறதக் கேக்கணும்னு." பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தார். மற்றப் பெற்றோர் அரங்குக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

குண்டூசி முன் இருக்கையில் உட்கார்ந்து விரலால் கண்ணாடியில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். வேன் பின்வாங்கித் திரும்பும்போது கண்ணாடியை இறக்கினாள்.

"தபால்! எழுதிக்கோ! கம்பிக்கு ரெண்டு முனை, அதனால ஒற்றைப்படை விளக்குன்னா, இரட்டைப்படை கம்பி உள்ளது ஒண்ணாவது இருந்தே தீரும். மொதல்ல அத அழுத்து. அப்ப அணையறது ஒற்றைப்படை, மிச்சம் எரியறது இரட்டைப்படை. எரியறத மட்டும் ஒவ்வொண்ணா ஒதுக்கிச் செய். அணைஞ்சது அணைஞ்சபடியே இருக்கும்!"

"என்னம்மா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

"ஒண்ணுமில்லப்பா. நீங்க போங்க."

வேன் வாசலைத் தாண்டியது. உள்ளங்கையில் எழுதியதைப் படிக்கட்டில் உட்கார்ந்து தாளில் பெயர்த்தேன். மூன்று விளக்குக்குச் செய்து பார்த்தேன், பிறகு ஐந்துக்கு. ஒவ்வொரு வரியாக, கடைசி வரி வரை, நான்கு தடவை படித்தேன். எங்கும் ஓட்டை இல்லை. உள்ளே அந்தப் பையனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.