சுடாத ரிவால்வரும் தைக்காத போர்வையும்

மெர்ல் ஹோஸ்டெட்லருக்குக் குழல்வாய் சிறுத்த சின்னக் காலிபர் ரிவால்வர் என்றால் பித்து. அதுவும் லேசில் கிடைக்காததாக இருக்க வேண்டும். செய்த காலத்திலேயே யாரும் வாங்காமல், கம்பெனியே சலித்துப்போய் நிறுத்திவிட்ட ரகங்களாகத் தேடித் தேடி பென்சில்வேனியா, ஒஹையோ என்று சந்தை சந்தையாக அலைவான். ஊரில் மற்ற ஆண்கள் மான் வேட்டைக்குத் தோளுயரத் துப்பாக்கி வாங்கிக்கொண்டிருக்க, இவன் உள்ளங்கையில் அடங்குவதை வாங்கிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக வந்து நிற்பான்.

"இதை வச்சு எதைச் சுடப்போற மெர்ல், கொசுவையா?" என்று கேட்காத ஆள் அவர்கள் ஊர்ப் பள்ளத்தாக்கில் இல்லை.

வாங்கியதையெல்லாம் சனிக்கிழமைகளில் ஊர்த் துப்பாக்கிக் கிளப்புக்குக் கொண்டுபோய்ச் சுடுவான். ஒன்றை மட்டும் சுடமாட்டான். அது இருபத்திரண்டு காலிபர். ஆனால் அதன் தோட்டா குட்டி சோடா பாட்டில் போலக் கழுத்து குறுகி இருக்கும். சத்தம் பீரங்கிச் சத்தம். கம்பெனி விற்றபோது வைத்த அதே நீல அட்டைப்பெட்டி, அதே எண்ணெய்த்தாள். சுடாத துப்பாக்கி என்றால் சேகரிப்பவர்கள் மத்தியில் அதற்கு இருக்கும் மரியாதையே தனி. விருந்தாளி வந்தால் மெர்ல் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறப்பான்.

"தோட்டா போடுற இந்தச் சிலிண்டரைச் சுத்தி மெல்லிசா ஒரு கோடு தெரியுதா? அது தொழிற்சாலைல சோதிச்சுப் பாத்தப்ப விழுந்தது. அதுக்கப்புறம் ஒரு மனுஷன் இதைச் சுட்டதில்ல."

அதில் பொய் இல்லை. மனுஷன் யாரும் சுடவில்லை. அவன் மனைவி வெர்னாதான் எட்டு வருஷமாக வியாழக்கிழமை தோறும் சுட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் வேண்டுமென்று ஆரம்பித்ததல்ல. கிளப்பில் வியாழன் மாலை பெண்கள் சுடும் நேரம். ஒரு வியாழன் அவளுடைய சொந்த ரிவால்வரின் சுருள்வில் உடைந்துபோயிற்று. மெர்ல் தீயணைப்பு நிலையத்தில் பிங்கோ விளையாட்டுக்கு நம்பர் கூப்பிடப் போயிருந்தான். கைக்கு வந்த பெட்டியையும் அதோடிருந்த தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குக் கம்பத்தில் மாட்டியிருந்த காபி டப்பா மூடிகள் ஒன்று பாக்கியில்லாமல் விழுந்தன. மூட்டுவலி பிடித்த அவள் கைக்கு அளந்து செய்ததுபோல அந்த மரப்பிடி உட்கார்ந்தது. அதற்கப்புறம் வேறு எந்தத் துப்பாக்கியும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தோட்டா கடைகளில் கிடைக்காது. நிலவறையில் மெர்லின் கருவியிலேயே, மெர்லின் வெடிமருந்தைப் போட்டே, தானே செய்துகொண்டாள். மருந்து டப்பா ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று அவன் மண்டையைக் குடைந்துகொண்டான். தனக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்று டாக்டரிடம்கூடப் போய் வந்தான். அன்று ஒரு நாள் வெர்னாவுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது.

வியாழக்கிழமை எங்கே போகிறாள் என்று கேட்டால், தேவாலயத்தில் ஒட்டுப்போர்வை தைக்கப் போகிறேன் என்பாள். கிளப்பில் எல்லோருக்கும் உண்மை தெரியும். மெர்லுக்கு மட்டும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை முட்டையைக் கொத்திக்கொண்டே மெர்ல் சொன்னான், "ஒஹையோலருந்து லோவெல் க்ரைடர் வர்றாரு. அவருகிட்ட அந்த முப்பத்திரண்டு காலிபர் இருக்கு. நீளக்குழல். நான் இருபது வருஷமாத் தேடுறேனே, அது."

"வாங்கப்போறியா?"

"மாத்திக்கப்போறேன். நீலப்பெட்டியைக் குடுத்துட்டு."

வெர்னா கையிலிருந்த காபிக் குவளையைக் கீழே வைத்தாள்.

"அதை உசுரா வச்சிருந்தியே!"

"வச்சுத்தான் இருந்தேன். சுடவா செஞ்சேன்? பெட்டியில தூங்குறது நம்ம வீட்டுல தூங்குனா என்ன, ஒஹையோல தூங்குனா என்ன?"

இப்போதே சொல்லிவிட வேண்டும். அது தூங்கவே இல்லை மெர்ல், வாரா வாரம் என்னோடு ஊர் சுற்றுகிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அவனுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க நாக்கு எழும்பவில்லை. சொன்னால், சுட்ட துப்பாக்கியைச் சுடாத துப்பாக்கி என்று எட்டு வருஷம் ஊருக்கெல்லாம் காட்டிய முட்டாள் ஆகிவிடுவான். சொல்லாவிட்டால் அது ஒஹையோ போய்விடும். அவள் எழுந்து வழிக்கு ரொட்டியில் பன்றிக்கறி மசியல் தடவ ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் மெர்ல் கீழே போய் என்ன செய்தான் என்பதை அவள் கவனிக்கவில்லை. வண்டியில் போகும் வழியெல்லாம் அவன் சீட்டியடித்தான்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துப்பாக்கி கைமாறினாலும், பழைய சொந்தக்காரர் கடைசியாக ஒரு சிலிண்டர் நிறையச் சுட்டு வழியனுப்பிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சுடாத துப்பாக்கிக்கும் விதிவிலக்கு கிடையாது. அதில் ரொம்பக் கண்டிப்பான ஆள் ஸ்டாஷ். சுடுமேடைக்குப் பொறுப்பானவன். பீப்பாய் உடம்பு, ஓட்டை வாய்.

"வா மெர்ல்! கடைசியில உன் பட்டத்து ராணி வெளிய வந்துட்டாளா? நாங்கல்லாம் அவளைப் பாத்ததே..." என்று ஆரம்பித்தவன் வெர்னாவின் முறைப்பைப் பார்த்து, "பாத்ததே இல்லப்பா, சத்தியமா" என்று முடித்தான்.

லோவெல் க்ரைடர் ஒல்லியாக, மரியாதையாகப் பேசுகிற மனிதர். கொண்டுவந்த முப்பத்திரண்டை மேஜைமேல் திறந்து வைத்தார். மெர்ல் அதைப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தான்.

"ஒண்ணு சொல்லிடறேன். நான் அலமாரியில வைக்க வாங்குறவன் இல்ல, சுடுறவன். ஒழுங்கா ஓடுச்சுன்னா இப்பவே கை குலுக்கிக்கலாம்" என்றார் க்ரைடர்.

"ஓடாமயா? காலையிலதான் கையுறை மாட்டித் துடைச்சு எண்ணெய் போட்டேன். தோட்டாக் குழி ஒண்ணு விடல. சிலிண்டர் உள்ள வெளிய எல்லாம் பளபளன்னு இருக்கு" என்றான் மெர்ல் பெருமையாக.

வெர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மற்ற ரிவால்வர்களுக்கு எண்ணெய் மருந்து. இதற்கு மட்டும் விஷம். தோட்டா உட்காரும் குழியில் துளி எண்ணெய் இருந்தால் போதும். வெடித்ததும் கழுத்து குறுகிய தோட்டா ஓடு வழுக்கிக்கொண்டு பின்னால் வந்து முட்டிக்கொள்ளும், சிலிண்டர் சுற்றாது. சுட்டவர்களுக்குத்தான் அது தெரியும். மெர்ல் இதைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தான். சுட்டதில்லை.

அவன் கையுறையைக் கழற்றினான். முதல் தடவையாக வெறுங்கையால் அதைப் பிடித்தான். பெட்டியோடிருந்த ஆறு தோட்டாவைப் போட்டு, மேடையில் நின்று குறிபார்த்தான். மலையே அதிர்கிற மாதிரி வெடித்தது. முதல் மூடி அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தது. மெர்ல் மறுபடி விசையை இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். சிலிண்டர் இறுகிப்போய் நின்றது.

"என்னாச்சு?" என்றார் க்ரைடர்.

"ஒண்ணுமில்ல... புதுசு பாருங்க, கொஞ்சம்..." மெர்லுக்கு முகம் சிவந்து காதுவரை போயிற்று. குழலைக் குண்டு தடுக்கும் மண்மேட்டுப் பக்கமே பிடித்தபடி சிலிண்டரைத் திறக்கப் பார்த்தான். அதுவும் முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன், "மெர்ல், அது பெட்டியிலயே கெட்டுப்போச்சுடா. பாலா இருந்தா அப்பவே நாத்தம் வந்திருக்கும்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

க்ரைடர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பரவாயில்ல மிஸ்டர் ஹோஸ்டெட்லர். பழைய சாமான்ல இதெல்லாம் சகஜம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்." முப்பத்திரண்டின் பெட்டியை மெதுவாக மூடத் தொடங்கினார்.

வெர்னாவின் மனசுக்குள் ஒரு சின்னப் பிசாசு துள்ளியது. வாயை மூடிக்கொண்டிரு, அது போதும். அவர் போய்விடுவார். நீலப்பெட்டி வீட்டுக்குத் திரும்பிவிடும். வரும் வியாழன் பழையபடி வியாழன்தான்.

ஆனால் மெர்ல் அங்கே நின்றுகொண்டிருந்தான். கையில் நகராத துப்பாக்கி, முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு காலம் தலையில் வைத்துக் கொண்டாடியதை ஊரே பார்த்துச் சிரிக்க, சீட்டியடித்து வந்த அந்த மனிதன் அதைத் தடவிக்கொண்டே, "இது நல்ல சாமான்தான், சத்தியமா நல்ல சாமான்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

"இங்க குடு" என்றாள்.

"நீ சும்மா இரு வெர்னா, இது ரொம்ப நுணுக்கமான..."

"குடுன்னேன்ல."

வாங்கினாள். குழலை மேட்டுப் பக்கம் திருப்பி, சிலிண்டரின் பக்கவாட்டில் உள்ளங்கையால் பளாரென்று ஓர் அறை விட்டாள். திறந்துகொண்டது. தோட்டாக்களைக் கொட்டினாள். கைப்பையிலிருந்து நகப்பாலிஷ் அழிக்கும் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து, ஒவ்வொரு குழியாகத் துடைத்து ஊதிக் காயவைத்தாள். தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஆயுளில் ஒரு தடவைகூட நகத்துக்குச் சாயம் போடாதவள் இதை ஏன் சுமந்துகொண்டு திரிகிறாள் என்று மெர்ல் பல நாள் யோசித்ததுண்டு. இப்போது வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"குழி காஞ்சிருக்கணும். எண்ணெய் இருந்தா ஓடு பின்னால வழுக்கி மாட்டிக்கும்" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

சுட்ட ஒன்றுக்குப் பதிலாகப் பையின் அடியிலிருந்து தான் செய்த தோட்டா ஒன்றை எடுத்து, மற்ற ஐந்தோடு போட்டாள். மேடையில் நின்றாள். ஆறு தடவை மலை அதிர்ந்தது. ஆறு மூடியும் விழுந்தன.

ஸ்டாஷ் மழை வருமா என்று வானத்தை உற்றுப் பார்த்தான்.

"வெர்னா," என்றான் மெர்ல் கடைசியில். "அந்தக் கோடு. தொழிற்சாலைல விழுந்த கோடு."

"ம்."

"வருஷா வருஷம் கொஞ்சம் ஆழமாத் தெரியுதேன்னு நினைச்சேன். கண்ணு மங்குதுன்னு கண்ணாடிய மாத்துனேன்."

"தெரியும். நான்தானே கூட வந்தேன்."

"மருந்து டப்பா?"

"ம்."

"போர்வை?"

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் ஒன்றாக அடக்குவது கஷ்டமாக இருந்தது.

"எட்டு வருஷம்," என்றான் மெர்ல் எல்லோரிடமும். "எட்டு வருஷத்துல ஒரு தலகாணி உறைகூட வீட்டுக்கு வரல. நானும் கேக்கல பாருங்க!"

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. க்ரைடரும் சிரித்தார். "மிஸ்டர் ஹோஸ்டெட்லர், இப்படிச் சுடுற துப்பாக்கியை விடுவேனா? மாத்திக்கலாம்" என்று முப்பத்திரண்டின் பெட்டியைத் திறந்து முன்னால் தள்ளிவிட்டுக் கையை நீட்டினார்.

மெர்ல் முப்பத்திரண்டைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அந்த நீளக்குழலை விரலால் ஒரு தடவை தொட்டும் பார்த்தான். பிறகு அவனே பெட்டியை மூடி, வந்த பக்கமே தள்ளிவைத்தான்.

"ஸ்டாஷ், பழைய சொந்தக்காரர் ஒரு சிலிண்டர் நிறையச் சுடணும். அதுதானே சட்டம்?"

"அதேதான்."

"நான் சுட்டது ஒண்ணு. அதுவும் படல. முழுசாச் சுட்டது யாரு?" மெர்ல் க்ரைடர் பக்கம் திரும்பினான். "என்கிட்ட ஏன் சார் கையை நீட்டுறீங்க? சொந்தக்காரங்களைக் கேளுங்க."

க்ரைடர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெர்னாவைப் பார்த்தார். அவள் ரிவால்வரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள், முடியாது என்று. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

திரும்பும் வழியில் நீலப்பெட்டி அவள் மடியில் இருந்தது. மெர்ல் சீட்டியடிக்கவில்லை. அவனுக்கு வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். துப்பாக்கிக்காக அல்ல, தன்னிடம் அவள் சொல்லவில்லையே என்று.

"சொல்லியிருக்கணும்" என்றாள்.

"சொல்லியிருந்தா நான் பூட்டி வச்சிருப்பேன்" என்றான் அவன். ரோட்டைப் பார்த்தபடியே, "வியாழக்கிழமை நானும் வரலாமா?"

"பெண்கள் நேரம். ஸ்டாஷ்கிட்ட கேக்கணும். பிங்கோ?"

"நம்பர் கூப்பிடவா ஆள் இல்ல?"

வெர்னா யோசிப்பதுபோலப் பாவனை செய்தாள். பெட்டியின் மூடியை ஒரு தடவை திறந்து மூடினாள்.

"வா," என்றாள். "ஆனா உன் துப்பாக்கியை நீ கொண்டுவா."