பத்தாவது பாட்டு

டி-ஷர்ட்டின் நெஞ்சில் அந்தப் பாட்டுக்காரனின் முகம் பெரிதாக அச்சாகியிருந்தது. நேராகச் சூடு பட்டால் அச்சு உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அக்கா அதை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு மெல்லிய துணியை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவள். யார் யாருடைய கல்யாணச் சட்டைகளையோ மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்திருக்கிறாள். செத்துப்போன தம்பிக்குப் போட்டுவிட ஒரு வெளுத்துப்போன டி-ஷர்ட்டைத் தேய்க்க வேண்டிவரும் என்று நினைத்ததே இல்லை. அதிலும் இந்த மூஞ்சியை.

"புது வெள்ளைச் சட்டை ஒண்ணு இருக்கே, அதப் போட்டா என்ன?" என்றார் அவள் கணவர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எதைச் சொன்னாலும் பிரேக்கில் ஒரு கால் வைத்தபடிதான் சொல்வார்.

"போட்டுப் பாருங்க. எழுந்து உக்காந்து சண்டைக்கு வருவான்."

கணவர் பக்கத்து அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். அங்கேதான் தம்பியைப் படுக்க வைத்திருந்தார்கள். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது. மத்தியானம் வண்டி வரும். அதற்குள் அவன் மகள் ரயிலிலிருந்து இறங்கி வந்துவிடுவாள். வந்ததும், அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்பாள். அவன் சொல்லிவிட்டுப் போனது ஒரு பிள்ளையிடம் சொல்லும்படியான விஷயமா?

தம்பி லிப்ட் மெக்கானிக். லிப்ட் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேல் இரும்புக் கயிறு தொங்க, ஒரு காதில் மட்டும் இந்தப் பாட்டுக்காரனை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வான். பாட்டுக்காரன் என்று சொன்னால் அதற்கும் கோபம் வரும். "பாட்டு இல்லக்கா, ராப்." ராப்போ என்ன எழவோ, ஒருத்தன் வாசலில் நின்று மூச்சுவிடாமல் யாரையோ வைவதுபோல்தான் அவளுக்குக் கேட்கும்.

இருபது வருஷமாக இதே தலைவலி. அவள் சாப்பிட உட்கார்ந்தாலும் சரி, பஸ்ஸுக்கு நின்றாலும் சரி, ஆல்பம் ஆல்பமாகத் தீர்ப்புச் சொல்வான். முதல் ஆல்பம் குளியலறைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தது, அதில் பசி இருக்கிறது. இரண்டாவதில் இசை பிரமாதம், குரல்தான் இரவல். மூன்றாவது மஞ்சள் அட்டை போட்டது. அதுதான் ஆல்பம், மற்றதெல்லாம் அதன் கால் தூசு பெறாது. நாலாவதில் கையில் காசு வந்துவிட்டது, கார் கார் என்று உயிரை எடுக்கிறான். ஐந்தாவதில் காதலித்துத் தொலைத்துவிட்டு மூக்கைச் சிந்துகிறான். அந்த அட்டையில் ஒரு நாய் படம் இருக்கும். "அந்த நாய்தான்கா அதுல உருப்படி" என்பான்.

மகளுக்கோ அந்த நாய்ப்படம்தான் உசத்தி. அவள் அம்மா பிரிந்து போன வருஷம் அந்த வீட்டில் பேச்சே நின்று போயிருந்தது. அப்பாவும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். அப்போதுதான் ஐந்தாவது ஆல்பம் வந்தது. அந்தப் பெண் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இது நல்லா இருக்குப்பா" என்றாள். "உனக்கு என்ன தெரியும்?" என்றான் இவன். அன்றைக்குப் பிடித்த சண்டை, அவள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகும் போனில் ஓயவில்லை. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று இரண்டு பேரும் கேட்டு அக்கா பார்த்ததில்லை. எல்லாம் அந்தச் சண்டைக்குள்ளேயே நடந்துவிடும் போலிருந்தது. அதற்கு விதி வேறு வைத்திருந்தார்கள். புது ஆல்பம் வந்தால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒன்றுவிடாமல் கேட்டு முடிக்காமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. விதியைப் போட்டவன் தம்பிதான்.

நேற்றுக் காலை ஆறாவது ஆல்பம் வந்தது. நேற்றுச் சாயங்காலம் தம்பி போய்விட்டான்.

இதயம் களைத்துவிட்டது, நுரையீரலில் நீர் ஏறுகிறது, வரவேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொல்லியிருந்தார். பெண்ணும் ரயில் ஏறிவிட்டாள். அக்கா உள்ளே வந்து பார்த்தால், இவன் மூக்கில் ஆக்சிஜன் குழாயும் ஒரு காதில் இயர்போனுமாகக் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய், அதக் கழட்டு. அவ வர்றதுக்கு நேரமாகும். அவகிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருந்தா சொல்லு. நான் சொல்லிடறேன்."

"இருக்கு" என்றான்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"ஆறாவது மட்டம்னு சொல்லு."

அவள் நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தாள். அவன் நிறுத்தவில்லை.

"அவனுக்கு மூச்சு வாங்குதுக்கா. ஒரு வரிய... ஒரே மூச்சுல சொல்ல முடியல. அது வெளிய தெரியக் கூடாதுன்னு... நடுநடுவுல பியானோவப் போட்டு மூடி வச்சிருக்கான். கிழவனாயிட்டான். சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போகச் சொல்லு."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு எத்தனை முறை மூச்சு வாங்கியது என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது.

"இந்த நேரத்துல கூட உனக்கு இதுதானாடா? நல்லா இரு, நல்லாப் படின்னு ஒரு வார்த்தை வராதா உன் வாயில?"

"அதெல்லாம் அவளுக்குத் தெரியும்." காதிலிருந்ததைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். "ஒன்பதாவது பாட்டோட நிறுத்திட்டேன். இன்னும் மூணு இருக்கு. கேக்க முடியல. முழுசாக் கேட்டேன்னு சொல்லிடு அவகிட்ட."

அதற்கப்புறம் அவன் பேசவில்லை. சாயங்காலம் நர்ஸ் குழாயை எடுத்துக்கொண்டிருக்கும்போது மேசைமேல் அவனுடைய போன் அதிர்ந்தது. மகள்தான் எழுதியிருந்தாள். 'முடிச்சிட்டேன். இப்ப சண்டைக்கு வாங்க.'

இதையெல்லாம் அக்கா கணவரிடம் ராத்திரியே கொட்டித் தீர்த்திருந்தாள். அவர் இப்போது இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"பிடிச்சிருந்துச்சுன்னு சொல்லிடு. அந்தப் புள்ளைக்கு ஒரு ஆறுதல். அவன் வந்து இல்லேன்னு சொல்லவா போறான்?"

அதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது.

பெண் தோளில் பையோடு வந்து சேர்ந்தாள். நேராக அப்பாவிடம் போய் நின்றாள். டி-ஷர்ட்டின் கழுத்து ஒரு பக்கம் ஏறியிருந்ததை இழுத்துச் சரிசெய்தாள். அழவில்லை. வந்திருந்தவர்களில் ஒருத்தி, "ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு" என்று இன்னொருத்தியிடம் முணுமுணுத்தது அக்கா காதிலும் விழுந்தது. பெண் காதிலும் விழுந்திருக்கும். அவள் திரும்பி நடந்து சமையலறைக்குப் போய், வந்தவர்கள் குடித்து வைத்திருந்த தம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். அக்கா துடைக்கிற துணியோடு பக்கத்தில் போய் நின்றாள்.

"அத்தை, அப்பா கேட்டாரா?"

"கேட்டான்மா. முழுசாக் கேட்டான்."

"என்ன சொன்னார்?"

"நல்லா இருக்குன்னான். ரொம்பப் பிடிச்சுதாம்."

"எது பிடிச்சுதாம்?"

"எல்லாமே."

பெண்ணின் கை தண்ணீருக்கு அடியில் அப்படியே நின்றது.

"எல்லாமேன்னா சொன்னார்?"

"ஆமாம்மா. உன்கிட்ட சொல்லச் சொன்னான்."

பெண் மெதுவாகத் தலையாட்டினாள். கையிலிருந்த தம்ளரை அலசி ஓரமாக வைத்தாள்.

"அப்ப நினைவு தப்பிடுச்சு போல" என்றாள். "நான் ரயில் ஏறும்போதே எங்கப்பா போயிட்டார்னு வைங்க. அதுக்கப்புறம் அந்தக் கட்டில்ல இருந்தது வேற யாரோ."

சொல்லிவிட்டு அடுத்த தம்ளரை எடுத்தாள். ஏற்கனவே கழுவி வைத்ததையே எடுக்கிறாள் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்றுதான் புரியவில்லை. யோசனை சொன்ன கணவர்மேலா, நல்லபடியாக ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகாத தம்பிமேலா, நல்லது செய்கிறேன் என்று போய் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு நிற்கிற தன்மேலேயேவா? அவன் கடைசி வரைக்கும் அவனாகத்தான் இருந்தான். அந்த எரிச்சலை முழுசாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். இப்போது அவன் இல்லவே இல்லை என்று ஆக்கி வைத்துவிட்டாளே.

"பொய் சொன்னேன்" என்றாள்.

பெண் திரும்பிப் பார்த்தாள்.

"மட்டம்னு சொன்னான். அவனுக்கு மூச்சு வாங்குதாம். ஒரு வரிய ஒரே மூச்சுல சொல்ல முடியலயாம். அது தெரியக் கூடாதுன்னு நடுநடுவுல பியானோவப் போட்டு மூடி வச்சிருக்கானாம். கிழவனாயிட்டான், சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போகச் சொல்லுன்னான்."

ஒரு வார்த்தை பிசகாமல் தனக்கு எல்லாம் ஞாபகம் இருப்பது அக்காவுக்கே ஆச்சரியமாக இருந்தது. காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணின் முகம் கழுத்திலிருந்து சிவந்துகொண்டு வந்தது.

"பியானோவப் போட்டு மூடியிருக்கானாமா?"

"ஆமா."

"எத்தனாவது வரைக்கும் கேட்டார்?"

தம்பி சொல்லக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தான். ஆனால் பொய்க்கு இனிமேல் அவளிடம் தெம்பில்லை.

"ஒன்பது."

"ஒன்பதோட நிறுத்திட்டுப் பேசியிருக்கார்." பெண் ஈரக்கையை உடுப்பிலேயே துடைத்துக்கொண்டாள். "பத்துலதான் அத்தை பியானோ நிக்கும். பத்துல இசையே கிடையாது. அந்தாளு ஒரு வரி சொல்லுவான், மூச்சு வாங்குவான், அடுத்த வரி சொல்லுவான். எதையும் மறைக்கல. ஒன்பது பாட்டு மறைச்சதே இதுக்காகத்தான். அதக் கேக்காம என்ன தீர்ப்பு வேண்டிக்கிடக்கு இவருக்கு?"

அவள் விறுவிறு என்று அறைக்குள் போனாள். அக்கா பின்னாலேயே ஓடினாள். உட்கார்ந்திருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"முழுசாக் கேக்காம வாயத் திறக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?" என்று பெண் அப்பாவைக் கேட்டாள். "நீங்கதானே விதி போட்டீங்க? அடுத்தது ஒண்ணே ஒண்ணு, ஒரு அஞ்சு நிமிஷம், அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு? நாய்ப்படத்துக்கும் இப்படித்தானே பண்ணீங்க. பாதி கேட்டுட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரி. உங்களுக்கு என்னப்பா தெரியும்?"

கடைசி வார்த்தையில் குரல் பிளந்துகொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, அவனுடைய டி-ஷர்ட்டை முஷ்டியில் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலும் திட்டுவதை விடவில்லை. யாரோ அவளைத் தூக்கக் குனிந்தார்கள். அக்காவின் கணவரும் ஓரடி முன்னால் வந்தார்.

"விடுங்க" என்றாள் அக்கா. "பேசட்டும்."

வண்டி மத்தியானம் வந்தது. கணவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் மூடிய சவப்பெட்டிக்கு ஒரு பக்கமாகப் போட்டிருந்த நீள இருக்கையில் அக்காவும் பெண்ணும் உட்கார்ந்தார்கள். தெரு முனை தாண்டியதும் பெண் போனை எடுத்து, சத்தத்தை முழுசாக வைத்து, பத்தாவது பாட்டைப் போட்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கணவர் ஏதோ சொல்லத் திரும்பினார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

பெண் சொன்ன மாதிரியே இசை இல்லை. ஒரு ஆள், கனமாக எதையோ இறக்கி வைத்துவிட்டு வந்தவன் மாதிரி, ஒரு வரி சொல்கிறான், மூச்சு வாங்குகிறான், மறுபடி சொல்கிறான். அக்காவுக்கு வார்த்தைகள் பாதி பிடிபடவில்லை. மூச்சு பிடிபட்டது. நேற்று நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்து கேட்டது அதே மூச்சைத்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. இத்தனை வருஷம் உயிரை வாங்கிவிட்டு, கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் படுத்துக்கொண்டிருக்கிறானே என்று.

பாட்டு முடிந்தது. பெண் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி சிவப்பு விளக்கில் நின்றது. இந்த இடத்தில் யாராவது எதையாவது சொல்லியாக வேண்டும், அது தன் தலையில்தான் வந்து விழுந்திருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் நீளம்" என்றாள்.

பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு முழுசாக அவள் பக்கம் திரும்பினாள்.

"எங்க நீளம்? எந்த இடத்துலன்னு சொல்லுங்க."

"நடுவுல. ஒரு வரிய ரெண்டாந்தடவையும் அப்படியே சொல்றானே, அங்க."

"அப்படியே சொல்லல அத்தை. ஒரு வார்த்தை மாறும். நீங்க சரியாக் கேக்கல."

"எனக்கென்ன காது இல்லையா?"

பெண் போனைப் பெட்டியின் மூடிமேல் வைத்து, பாட்டை அந்த இடத்துக்குத் திருப்பினாள். பச்சை விழுந்தது. வண்டி வளைவில் திரும்பியபோது போன் வழுக்கிக்கொண்டு போகப் பார்த்தது. அக்கா கையை நீட்டி அதை அங்கேயே பிடித்துக்கொண்டாள்.